தமிழ் மாணவரும் விவிலிய அறிமுகமும்

தமிழ் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான செல்வம் என்று மேடைதோறும் பேசுகிறோம். சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் இஸ்லாமும் கிறித்தவமும் தமிழன்னைக்கு அணி பூட்டின என்று கட்டுரைதோறும் எழுதுகிறோம். ஆயின், அவ்வணிகளுள் ஒன்றைக் கையிலெடுத்து, இது எப்பொன்னால் ஆனது, எங்ஙனம் இழைக்கப்பட்டது என்று நோக்கும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்கின்றோமா? கிறித்தவத் தமிழிலக்கியத்தைப் பொறுத்தவரை, நம்மைப் போன்ற கல்லூரிகளில் இவ்வினா சற்றுக் கூர்மையாகவே எழுகின்றது. தேம்பாவணியைப் பாடமாகப் பயில்கின்ற மாணவர் பலர், அக்காப்பியத்திற்கு வேராகிய விவிலியத்தின் முதற்பக்கத்தையும் கண்டதில்லை. இளங்கலைத் தமிழ் பயிலப் புகும் மாணவர்க்கு விவிலியத்தின் அடிப்படைகளை முறையாக அறிமுகம் செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

அறிமுகம் இன்மையால் விளையும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தேம்பாவணியின் தலைவர் யார் என்று வினவினால், ‘சூசையப்பர்’ என்ற விடை உடனே வந்துவிடும். அச்சூசையப்பர் யார் என்று அடுத்து வினவினால் வகுப்பில் அமைதி நிலவும். யோசேப்பு என்பதன் வேறு வடிவமே சூசை என்று கூறிவிட்டாலோ, இஸ்லாமியக் குடும்பத்து மாணவர் சிலர் யூசுப் நபி (அலை) அவர்களை நினைத்துக்கொள்வர். குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் முழுவதும் அந்நபியின் வரலாறாகவே அமைந்திருப்பதால் அவ்வாறு நினைப்பது இயல்பே. ஆயின் விவிலியத்தில் யோசேப்பு என்னும் பெயருடைய முதன்மையானோர் இருவர் உளர். ஒருவர், தொடக்க நூலில் வரும் யாக்கோபின் மகன். அவரே நாம் அறிந்த யூசுப் நபி. மற்றவர், மரியாளுக்கு மண ஒப்பந்தமான தச்சர். குர்ஆன் கூறும் மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றில் இவ்விரண்டாமவர் இடம்பெறவில்லை. தேம்பாவணியின் தலைவரோ இவரே. இவ்வொரு செய்தியை அறியாத மாணவர், 3615 பாடல்களையும் வேறொருவர் வரலாறாக எண்ணியே படித்து முடிக்க நேரும்.

அறிந்த மாணவர்க்கோ புதியதொரு வியப்புக் காத்திருக்கின்றது. நான்கு நற்செய்தி நூல்களிலும் இந்த யோசேப்பு வாய்திறந்து கூறியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவில் கேட்கிறார், எழுகிறார், செயற்படுகிறார், அவ்வளவே. பேசாத அம்மனிதரை வளன் என்னும் தமிழ்ப் பெயரால் காப்பியத் தலைவராக்கி, மூன்று காண்டங்களிலும் முப்பத்தாறு படலங்களிலும் உலவவிட்டவர் வீரமாமுனிவர். மூலத்தில் உள்ளது எவ்வளவு என்று தெரிந்தால்தான் புலவர் படைத்தது எவ்வளவு என்று தெரியும். பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற கருணையன் புலம்பலையும் இவ்வாறே நோக்குதல் தகும். கருணையன் என்பவர் திருமுழுக்கு யோவான். நாம் யஹ்யா நபி (அலை) என்று போற்றுபவர். அவருடைய பிறப்பை லூக்கா விரிவாகக் கூறுகிறார். அன்னை எலிசபெத்தின் இறப்பை விவிலியம் கூறவில்லை. காட்டில் தனித்து நின்று தாயை நினைந்து அழும் மகனின் துயரம் விவிலியத்தின் வழியே வந்ததன்று. அதனைத் தமிழில் நம் நெஞ்சுருகப் பாடியது முனிவரின் புலமை. இவ்வேறுபாடு புலப்படாத இடத்தில் இலக்கியத் திறனாய்வு ஏது?

இனி, அடிப்படை என்று நாம் கருதுவன யாவை? முதலாவது, விவிலியத்தின் அமைப்பு. ‘நூல்கள்’ என்று பன்மைப் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே விவிலியம் என்னும் பெயர். நம் மாணவர் குர்ஆனை அறிந்த மனத்தோடு இதனை அணுகுவர். ஒரே இறைத்தூதர்க்கு 23 ஆண்டுகளில் அருளப்பெற்ற ஒரே வேதம் என்னும் எண்ணத்தோடு திறந்தால், இங்கே சட்டமும் வரலாறும் பாடலும் பழமொழியும் கடிதமும் அடுத்தடுத்து வருதல் கண்டு திகைப்பர். இது பலர் பல நூற்றாண்டுகளில் எழுதியவற்றின் தொகுப்பு. ஏறத்தாழ ஒரு நூலகம். சீர்திருத்தச் சபையார் கொள்ளும் பழைய ஏற்பாட்டில் 39 நூல்களும், கத்தோலிக்கர் கொள்வதில் 46 நூல்களும் உள்ளன. புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இருவர்க்கும் பொது. அந்த 27இல் 21 கடிதங்களாகவே உள்ளன.

இரண்டாவது, பெயர்கள். ஆபிரகாம் இப்ராஹீம் (அலை) என்றும், மோசே மூஸா (அலை) என்றும், தாவீது தாவூது (அலை) என்றும் அறிந்த அளவிலேயே பாதி அயன்மை அகன்றுவிடும். தமிழ்க் கிறித்தவர்க்குள்ளேயே பெயர் வழக்கு வேறுபடுதலையும் கற்பித்தல் வேண்டும். பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் கத்தோலிக்கர் வழங்கினர். கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இவ்வேறுபாடுகளைப் பெரிதும் குறைத்தது. நற்செய்தி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இன்ஜீல் என்பதன் மூலம் என்பர் மொழியறிஞர். பெத்லகேம் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. அரபியில் பைத்துல் லஹ்ம் என்னும்போது இறைச்சியின் வீடு. சொல்லாராய்ச்சியில் நாட்டமுடைய மாணவர்க்கு இவையெல்லாம் விருந்தன்றோ?

மூன்றாவது, நிலம். சீறாப்புராணத்தில் அரபு நாடும் தேம்பாவணியில் யூதேய நாடும் ஆறு பாய்ந்து நெல் விளையும் மருதமாகவே காட்சியளிக்கின்றன. காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு அது வியப்பாகத் தோன்றுவதில்லை. நம்மூர் வயலைக் கண்டதுபோல் மகிழ்ந்து கடந்துவிடுகிறோம். விவிலியத்தின் நிலமோ கோதுமையும் வாற்கோதுமையும் ஒலிவமும் விளையும் நிலம். ஆடு மேய்ப்போர் நீர்நிலை தேடி அலையும் நிலம். விதைப்பவன் வீசிய விதையிற் சில வழியோரத்திலும் சில பாறையிலும் சில முள்ளிலும் விழுந்தன என்னும் உவமை, நாற்றுவிட்டுப் பறித்து நடும் வயலையே கண்டு வளர்ந்த தஞ்சை மாணவர்க்கு எளிதில் விளங்காது. மானாவாரிப் புன்செயில் கைவிதைப்புச் செய்பவனை நினைவூட்டினால் உடனே விளங்கும். அந்நிலத்தை அறிந்தபின் மீண்டும் தேம்பாவணியின் நாட்டுவளத்தைப் படித்தால், இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் தமிழ்க் காப்பிய மரபுக்கு எவ்வளவு உண்மையாக நின்றார் என்பது புலனாகும்.

இதனைக் கேட்கும் பெரியோர் சிலர், சமயக் கல்வியே நிரம்பாத இளைஞர் பிற சமய நூலைப் படித்தால் மனம் தடுமாறாதோ என்று அஞ்சுவர். அவ்வச்சம் பிள்ளைகள்பால் கொண்ட பரிவினின்று பிறப்பது. அதனை எள்ளி ஒதுக்குதல் கூடாது. ஆயின் மூன்று செய்திகளை அவர்தம் எண்ணத்திற்கு முன்வைக்கிறோம்.

ஒன்று, நம் வேதமே தவ்ராத்தையும் ஸபூரையும் இன்ஜீலையும் பெயர் கூறிப் போற்றுகின்றது. 19ஆம் அத்தியாயம் மர்யம் என்றே பெயர் பெற்றுள்ளது. அருளப்பெற்ற அவ்வேதங்களுக்கும் இன்று கையிலுள்ள விவிலியத்திற்கும் உள்ள தொடர்பு குறித்து நமக்கும் கிறித்தவர்க்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பது கிறித்தவத்தின் மையம்; அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது குர்ஆனின் கூற்று. இவ்வேறுபாட்டை மறைத்தல் வேண்டா. தமிழ் வகுப்பில் வழக்காடவும் வேண்டா. அவர்கள் நம்புவது இது, நாம் நம்புவது இது என்று தெளிவுறக் கூறினால், தம் சமயத்தையும் மாணவர் முன்னினும் தெளிவாகவே அறிவர்.

இரண்டு, இப்படுகையின் வரலாறே நமக்குச் சான்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, சுவார்ட்சு என்னும் கிறித்தவப் போதகரின் பாதுகாப்பில் இளமையிற் கல்வி பெற்றவர். அவர் தம் சமயத்திலேயே நின்றார். சரசுவதி மகாலை வளர்த்தார். ஆசிரியர் 1798இல் மறைந்தபின் அவர்க்குச் சலவைக்கல் நினைவுச்சின்னமும் எடுப்பித்தார். தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த சுவார்ட்சு தேவாலயத்தில் அதனை இன்றும் காணலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஈராண்டிற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிக் குறிப்பெழுதினார். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். பிறர் நூல்களைக் கற்றதனால் அவர் கொள்கை தளரவில்லை. அவர் தம் நோக்கத்திற்காகத் தமிழ் நூல்களைக் கற்றார். நாம் தமிழுக்காக அவர்தம் நூலைக் கற்போம்.

மூன்று, இதுவே நமக்கு இன்றியமையாதது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பல கல்லூரிகளில் பிற சமய மாணவரும் ஆசிரியரும் பயில்கின்றனர். ஹிஜ்ரத் என்பது யாது, நுபுவ்வத் என்பது யாது என்று அறியாமல் உரைக்குறிப்பை மட்டும் மனனம் செய்தால் நாம் வருந்துகிறோம்; நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை அறிந்து படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். உமறுவே பரங்கிப்பேட்டை அறிஞரிடம் அரபு வரலாற்றுச் செய்திகளைக் கேட்டறிந்த பின்னரே பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. பிறரிடம் நாம் வேண்டுவதைப் பிறர்க்கு நாம் அளிக்க மறுப்பது நீதியாகுமா? நம் இலக்கியத்திற்கு நாம் கேட்கும் மதிப்பின் அளவுகோல், அவர்தம் இலக்கியத்திற்கு நாம் தரும் மதிப்பே.

செய்யத்தக்கது பெரிதன்று. முதலாண்டில் பத்துப் பாடவேளைகள் போதும். இரண்டில் நூலமைப்பு, மூன்றில் ஆதாம், நோவா, ஆபிரகாம், யோசேப்பு, மோசே, தாவீது ஆகியோர் வரலாறு, மூன்றில் மாற்கு நற்செய்தி. 16 அதிகாரங்களே உடைய அது, நான்கனுள் மிகச் சிறியது. வகுப்பில் உரக்கப் படித்தே முடித்துவிடலாம். எஞ்சிய இரண்டில் லூக்காவின் முதல் இரு அதிகாரங்களையும் தேம்பாவணிப் பகுதியையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல். மத்தேயு தலைமுறை வரிசையோடு தொடங்குவது கண்டு சலிப்புறும் மாணவர்க்குச் சீறாவின் தலைமுறைப் படலத்தை நினைவூட்டுக. துறை நூலகத்தில் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றும் பொது மொழிபெயர்ப்பு ஒன்றும் இருத்தல் வேண்டும். அயற்கல்லூரிக் கிறித்தவத் தமிழறிஞர் ஒருவரை ஒருநாள் அழைத்து, அவர் நாவினாலேயே கேட்டல் மிக நன்று. இவ்வடிப்படை அமைந்துவிட்டால், வேதநாயக சாஸ்திரியார் தஞ்சையிலிருந்து பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினி ஏன் கிறித்துவின்மேல் காதல் கொள்கிறாள் என்பதும், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் எந்நகர் நோக்கிய பயணம் என்பதும் தாமே விளங்கும்.

கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி, கடற்கரையில் தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, நடுவே தஞ்சை. ஒரே நாளில் பேருந்தேறிக் கண்டு திரும்பக்கூடிய இவ்வூர்களில் வாழ்வோர் ஒருவர் விழாவிற்கு மற்றவர் செல்கின்றனர். ஒருவர் நூலை மற்றவர் திறந்து பார்ப்பது மட்டும் அரிதாக உள்ளது. அக்குறையை நீக்கும் பொறுப்பு, பிற யாரையும்விடத் தமிழ்த்துறைகளுக்கே உரியது. மாணவச் செல்வங்களே! தேர்வுக் குறிப்பேட்டை மூடிவைத்து மூலநூலைத் திறவுங்கள். பெரியோர்களே! அவர்கள் திறந்து படிக்க நல்லாசி கூறுங்கள்.