சாவு பேசுமா?

2017 மார்ச் 31-ஆம் நாள் அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ‘13 ரீசன்ஸ் ஒய்’ என்றொரு தொடர்நாடகத்தை வெளியிட்டது. பள்ளியிலே பழிச்சொல்லுக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளான ஹன்னா என்ற மாணவி, தன் சாவுக்குக் காரணமானவர்கள் யார் யார் என்று ஒலிநாடாவில் பேசிவைத்துவிட்டு மாண்டுபோகிறாள். நாடா கைக்குக் கை செல்கிறது, கேட்டவர்கள் கலங்குகிறார்கள்.

கொடுமையைக் காட்டியது குற்றமா? இல்லை! கேலி என்றும் விளையாட்டு என்றும் மூடி மறைக்கப்பட்ட கொடுமை வெளிச்சத்துக்கு வரத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு. உயிரோடு இருந்தபோது ஏறாத சொல், செத்தபிறகு அம்பலம் ஏறும் என்று பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் நடத்தலாமா? செத்தவர் பேசுவதில்லை, தோழர்களே! கொடுமைக்காரன் தலைகுனிவதை அவர் காண்பதுமில்லை. பெற்றவள் கண்ணீர்தான் மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. ஹன்னா கடைசியாகப் பள்ளி ஆலோசகரை நாடுகிறாள். அவர் கைகொடுக்கத் தவறுகிறார். உதவி கேட்டுப் பயனில்லை என்ற நஞ்சல்லவா அங்கே ஊட்டப்படுகிறது?

தொடர் வெளியான மறுமாதம், அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுடையோரின் தற்கொலை விகிதம் 28.9 விழுக்காடு உயர்ந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு கூறிற்று. தொடர்தான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. கணக்கையே மறுத்த ஆய்வாளரும் உண்டு. ஆனால், ஐயம் இருக்கும் இடத்திலே பிள்ளைகளின் உயிரையா பணயம் வைப்பது? 2017-லேயே மனநல அறிஞர்கள் எச்சரித்தார்கள். நியூசிலாந்து அரசு, 18 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் பார்க்கவேண்டும் என்று புதிய தரக்குறியே வகுத்தது. நிறுவனமோ, சாவுக் காட்சியை வெட்டியது 2019 ஜூலையில்! இரண்டாண்டுக் காலம் ஓடி முடிந்தபிறகு வந்தது ஞானம்!

தடை போடு என்கிறோமா? அல்ல. 1954-இல் நாடகச் சட்டம் கொண்டுவந்து மேடையின் வாயை அடைத்ததை எதிர்த்தவர்கள் நாம். கலைஞன் கையைக் கட்டச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கச் சொல்கிறோம். சாகும் விதத்தைக் காட்டாதே, மீண்ட விதத்தைக் காட்டு! நெருக்கடியைக் கடந்து வாழ்ந்தோர் பற்றிய செய்திகள் ஏடுகளில் வந்தபோது தற்கொலை குறைந்ததை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-இல் எடுத்துக்காட்டினார்கள். எழுத்து கொல்லும் என்றால், எழுத்து காக்கவும் காக்கும்!

அமெரிக்கக் கதைதானே என்று இருந்துவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் அதே நிறுவனத்தின் திரைதான் ஒளிர்கிறது. ஆலை வேலை முடிந்து அலுத்து வந்தாலும், பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வாடியிருந்தால் அதட்டாதீர்கள், கேளுங்கள். சாக நினைத்தாயா என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. பூட்டிய நெஞ்சுதான் திறக்கும். கட்டணமில்லா 14416 என்ற எண்ணில் எந்நேரமும் ஆள் உண்டு.

சாவு பேசாது. பிள்ளைகள் பேசட்டும், நாம் கேட்போம்!