‘தவிர’ என்ற ஒரு சொல்

ரயிலே இல்லாத ஊரில் ரயில்வே எஞ்சினீயருக்கு என்ன வேலை என்று நம் சங்க அன்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. டிப்ளமா முடித்து, ஆயுளில் பெரும்பகுதியைத் தண்டவாளத்தோடு கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் மகன் வீட்டோடு போர்ட் பிளேருக்கு வந்தவன் நான். (2024-இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. என் நாக்கு இன்னும் மாறவில்லை.) வேலை இல்லாதவன் வரலாறு படிக்கிறான். அதில் கண்ட ஒன்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்ற விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து மகள் வழிப் பேத்தி வந்திருந்தாள். அங்கே எட்டாம் வகுப்பு. அந்த வகுப்பில் அவர்கள் நாட்டுச் சரித்திரத்தைக் குடியேற்ற காலத்திலிருந்து அடிமை ஒழிப்பு வரை படிக்கிறார்களாம். வழக்கம்போல் அவளை செல்லுலார் ஜெயிலுக்கு அழைத்துப் போனேன். செக்கைக் காட்டினேன். செக்கு என்றால் நமக்கு வ.உ.சி. நினைவுக்கு வருவார், ஆனால் அவர் இழுத்தது கோயம்புத்தூர் சிறையில் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: “தாத்தா, இது ஸ்லேவரிதானே?”

“இல்லையம்மா, இவர்கள் கைதிகள். கோர்ட்டில் தண்டனை பெற்றவர்கள்” என்றேன். “எங்க சட்டத்திலும் அப்படித்தான் இருக்கு தாத்தா” என்றாள். 1865-இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தில், குற்றத்துக்கான தண்டனையாக அல்லாமல் வேறு எவ்வகையிலும் அடிமைத்தனம் இருக்கலாகாது என்ற கருத்தில் ஒரு விலக்கு உண்டு. எனக்கு அது அதுவரை தெரியாது.

அவள் போனபின் தேடிப் படித்தேன். 1619-இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர்கள் முதன்முதலாக விற்கப்பட்ட காலத்தில், வயலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கப்பல் கூலிக்காகச் சில ஆண்டுகளை எழுதிக் கொடுத்த ஏழை இங்கிலாந்துக்காரர்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-இல் சட்டம் போட்டது. அதன்பின் அடிமைக்கு ஒப்பந்த முடிவு என்று ஒன்றில்லை. எஞ்சினீயரான என்னை உறுத்தியது 1793-இல் எலி விட்னி செய்த பஞ்சு அரைவை இயந்திரம். விதை நீக்கும் வேலையை அது குறைத்தது. வேலை குறைந்தால் அடிமைகளும் குறைய வேண்டும் அல்லவா? பருத்தி லாபகரமாகி வயல்கள் பெருக, 1790-இல் ஏறக்குறைய 7 லட்சமாயிருந்த அடிமைகள் 1860-இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். இயந்திரத்தின் மேல் குற்றமில்லை, அது யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

1865-க்குப் பின் தென் மாநிலங்களில் விடுதலையான கறுப்பர்களை வேலையின்றித் திரிந்தான் என்பது போன்ற குற்றங்களுக்குப் பிடித்து, கைதியாக்கி, முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். அவர்களைக் கொண்டு ரயில் பாதையும் போட்டார்கள். வட கரோலினாவில் 1879-இல் குடைந்து முடிக்கப்பட்ட ஸ்வானனோவா சுரங்கப்பாதை அப்படி வந்ததுதான். சுரங்கப்பாதை என்றால் நான் சாய்வையும் வளைவையும் பார்த்தே பழகியவன். குடைந்தவனைப் பற்றி யோசித்ததில்லை.

இனி நம் தீவுக்கு வருகிறேன். 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ் பிரபு 1786-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். அவர் காலத்தில்தான், 1789-இல், ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் முதல் குடியிருப்பை அமைத்தார். கைதிகளும் கொண்டுவரப்பட்டார்கள். நோய்க்குத் தாக்குப்பிடிக்காமல் 1796-இல் கைவிட்டார்கள். மறுபடி 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கினார்.

இடையில் நடந்ததைக் கவனியுங்கள். 1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழித்தது. அதிலும் ஒரு விலக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது! கம்பெனி ராஜ்யத்துக்கு 1843-இல்தான் தனிச் சட்டம் வந்தது. அடிமைகள் போன கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அந்தமானில் காட்டை வெட்டவும் சாலை போடவும் கைதி இருந்தான். செல்லுலார் ஜெயிலை 1896 முதல் 1906 வரை கட்டியதும் கைதிகளே. கைதிகள் போதாதபோது, 1918-இல் சோட்டா நாகபுரியிலிருந்து வனவேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இன்றும் நாம் ‘ராஞ்சிக்காரன்’ என்று சற்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அவர்களுடைய முன்னோர்கள்.

நம் தமிழர் கதையும் இதில் உண்டு. 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் அனுப்பப்பட்ட இலங்கை மலையகத் தமிழரில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் பாட்டன்மார் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். சங்கிலி இல்லை, சவுக்கு இல்லை, ஒரு துண்டுக் காகிதம் போதுமானதாக இருந்தது.

ஊராருக்குச் சொல்லும் முன் என்னைச் சொல்ல வேண்டும். மீட்டர் கேஜைப் பிராட் கேஜாக மாற்றிய காலத்தில் என் பிரிவில் ஒரு காண்டிராக்டரின் ஆட்கள் மண்வேலை செய்தார்கள். அதில் ஒரு முதியவர் ஒரு நாள் என்னிடம் வந்து, மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போக வேண்டும், முன்பணம் கழியவில்லை என்று மேஸ்திரி விடமாட்டேன் என்கிறார், ஐயா ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். “அது உங்களுக்கும் மேஸ்திரிக்கும் உள்ள விவகாரம்” என்றேன். அன்று சாயங்காலம் அளவு புத்தகத்தில் மண்வேலையைக் கன மீட்டரில் எழுதிக் கையெழுத்திட்டேன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அத்தகைய முன்பணக் கடனே செல்லாது என்கிறது அது. அந்தச் சட்டத்தை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. இங்கே கடை வைத்திருப்போரிலும் கட்டட வேலை எடுப்போரிலும் நம்மவர் பலர். ஊரிலிருந்து பையன்களை முன்பணம் கொடுத்து வரவழைக்கிறார்கள். பெரும்பாலோர் நல்லபடியாகவே நடத்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆதார் அட்டையை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கு முடிந்தபின்தான் தருவேன் என்று சொன்ன இரண்டு இடங்களை நான் நேரிலேயே பார்த்தேன். “கப்பல் டிக்கெட் நாங்கள்தானே எடுத்தோம்” என்பது அவர்கள் நியாயம். வர்ஜீனியாவிலும் கப்பல் கூலிதான் முதல் நியாயமாக இருந்தது.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் இரண்டு கோரிக்கைகளை வைக்கப் போகிறேன். ஒன்று, நம் உறுப்பினர் எவரும் வேலையாளின் அடையாள அட்டையைப் பிடித்து வைப்பதில்லை என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும், முன்பணக் கணக்கைத் தமிழில் எழுதி அந்தப் பையன் கையிலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மற்றது, பொங்கல் மலரில் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளைச் சற்றுக் குறைத்து, கச்சால் குடும்பங்களின் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டெழுதிப் போட சில பக்கங்கள் ஒதுக்க வேண்டும். எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். முதல் கோரிக்கைக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். வரட்டும், சபையிலேயே பேசிக்கொள்வோம்.