கடலின் கணக்கு யார் கையில்?

காஞ்சீபுரத்துப் பட்டுத் தறிக்கும் ஆழ்கடற் சூரை மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவக்கூடும். சம்பந்தம் உண்டு. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகும் வரையில் கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சீபுரம் ஜில்லாவின் கரைகளாகவே இருந்தன. எல்லைக்கோடு மாறியதால் கடலைப் பற்றிய பொறுப்பு நம்மை விட்டு அகன்றுவிடவில்லை. மேலும், சோதனையற்ற சரக்கு யோக்கியமான தொழிலாளியை எவ்வாறு கெடுக்கும் என்பதைக் காஞ்சி நெசவாளரைவிட நன்கறிந்தவர் யார்? போலி ஜரிகைச் சேலை "காஞ்சிப் பட்டு" என்ற பெயரில் விலைபோகும்போது, அசல் ஜரிகை இட்டு நெய்தவனின் கூலியன்றோ குறைகிறது! ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதிப்பது அதனாலேயே அவசியமாயிற்று. சூரைக்கும் வாள்மீனுக்கும் அத்தகைய உரைகல் வேண்டும். அது நம்மவர் கையிலும் இருக்க வேண்டும். இதுவே நாம் இன்று வற்புறுத்தும் விஷயம்.

சூரை ஒரு கரையை அண்டி வாழும் மீனன்று. மஞ்சள் துடுப்புச் சூரை இந்து மகா சமுத்திரம் முழுவதையும் தன் மேய்ச்சல் நிலமாகக் கொண்டது. வாள்மீனோ பகலெல்லாம் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டு இரவில் மேலெழுந்து வருவது. ஆகவே எந்த ஒரு சர்க்காரும் தன் கரையில் மட்டும் நின்று எண்ணி இவற்றின் இருப்பை அறிய இயலாது. இதனை முன்னிட்டே 1993-ல் ஏற்கப்பட்டு 1996-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, இந்து மகா சமுத்திரச் சூரைக் கமிஷன் ஏற்பட்டது. அதன் காரியாலயம் ஸேஷெல்ஸ் தீவுகளில் உள்ளது. இந்தியாவும் அதில் ஓர் அங்கத்தினர்.

ஒவ்வொரு தேசமும் எவ்வளவு பிடித்தது, எந்த வலையால், எந்தத் தூண்டிலால், எத்தனை நாள் உழைத்து, என்ன நீளமுள்ள மீனைப் பிடித்தது என்ற விவரங்கள் அங்கே சேர்கின்றன. மீனின் செவிக்கல்லில் உள்ள வளையங்களை எண்ணி வயதைக் காண்கிறார்கள். 2005 முதல் 2009 வரை சுமார் 2 லட்சம் சூரைகளுக்கு அடையாளச் சீட்டுக் குத்திக் கடலில் விட்டு, திரும்பப் பிடிபட்டவற்றைக் கொண்டு அவை சென்ற தூரத்தையும் வளர்ந்த அளவையும் கணித்தார்கள். இவற்றையெல்லாம் கூட்டியே மீன் பெருகுகிறதா, அருகுகிறதா என்று தீர்ப்புச் சொல்லப்படுகிறது. மஞ்சள் துடுப்புச் சூரை மிதமிஞ்சிப் பிடிக்கப்பட்டுவிட்டதென 2015-ல் கூறினார்கள். 2024-ல் புதிய விவரங்களோடு மறுபடி ஆராய்ந்து, அந்நிலை இல்லை என்றார்கள். கணக்கு மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்கேதான் ராஜ்ய விவகாரம் புகுகிறது. இச்சமுத்திரத்து மீனை தேசங்களுக்குள் எவ்விதம் பங்கிடுவது என்ற வாதம் கமிஷனில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஜப்பானியத் தூண்டிற் கப்பல்கள் 1950-களிலேயே இங்கு வந்தன. ஸ்பெயின், பிரான்ஸ் தேசங்களின் பெருவலைக் கப்பல்கள் 1980-களில் வந்தன. தொலைதேசத்தார், "இத்தனை காலம் பிடித்தோம், ஆகவே இத்தனை பங்கு எமக்கு" என்று ஏட்டைப் புரட்டிக் காட்டுகிறார்கள். "எம் எல்லைக்குள் பிறர் பிடித்ததை எம் பெயரில் எழுதுங்கள்" என்று கரையோர தேசங்கள் சொல்கின்றன. நியாயம் நம் பக்கம் இருக்கலாம். ஆனால் ஏடு இல்லாத நியாயம் எந்தச் சபையில் ஏறும்?

நம் ஏடு எப்படி இருக்கிறது? ஆராய்ச்சியில் நாம் பிந்தியவர்கள் அல்ல. சென்னை மாகாணத்தில் 1907-லேயே மீன் இலாகா தோன்றியது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சுதந்திரத்துக்கு முன்பே, 1947 பிப்ரவரியில், தொடங்கிற்று. இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு, கரைதோறும் இறங்கும் மீனை மாதிரி முறையில் எண்ணி வருகிறது. இந்திய மீன்வள அளவை நிலையத்தாரின் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டிலிட்டு ஆழ்கடலைச் சோதித்திருக்கின்றன.

குறை வேறிடத்தில் உள்ளது. நம் சூரையைப் பிடிப்பவை பெரும்பாலும் சிறு படகுகள். கப்பலில் பார்வையாளர் ஏறி எண்ண வேண்டும் என்ற கமிஷன் விதியோ பிரதானமாக 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றுக்கே. கன்னியாகுமரி ஜில்லாத் தூத்தூர் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கும் மீனில் பெரும்பகுதி கொச்சியில் இறங்குகிறது. உழைப்பு ஓரிடம், பதிவு வேறிடம். பெயரிலும் குழப்பம்: வேளா வேறு, மயில்மீன் வேறு, வாள்மீன் வேறு, ஏலக்கடைச் சீட்டில் ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு ஏறினால், ஆராய்ச்சியாளர் கையில் சேருவது பொய்க் கணக்கே.

இதனால் விளையும் நஷ்டம் ஏழையின் தலையில் விழுகிறது. 2017-ல் பாக் ஜலசந்தி மீனவருக்கு ஆழ்கடற் சூரைப் படகுகள் தரும் திட்டம் வந்தது. படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் 70 சதவிகிதம் சர்க்கார் மானியம். இலங்கைக் கடற்படையின் கைக்குத் தப்ப வழி பிறந்தது என்று மகிழ்ந்தோம். எனினும் எதிர்பார்த்த அளவு மீனவர் முன்வரவில்லை. படகைத் தருவது எளிது. மீன் எந்தப் பருவத்தில் எந்த ஆழத்தில் இருக்கும், செலவுக்குக் கட்டுமா என்ற அறிவைத் தராமல், கடன்பட்டவனைக் கடலுக்கு அனுப்புவது தர்மமாகாது.

"எண்ணச் சொல்வது வரி போடத்தான், தொழிலைத் தடுக்கத்தான்" என்ற ஐயம் மீனவரிடையே உண்டு. அது வீண் ஐயமென்று நாம் தள்ளிவிடவில்லை. அதற்கு மாற்று, கணக்கை மீனவரே வைத்துக்கொள்வதுதான். இந்தியாவில் முதன்முதல் பதிவான நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் நம் காஞ்சியில் தோன்றியது. கூட்டாக ஏடு வைக்கும் பழக்கத்தை நாட்டுக்குக் காட்டிய ஊர் இது. மீனவர் சங்கங்களும் தமிழிலேயே பிடிப்பு ஏடு வைக்கட்டும். அதன் ஒரு பிரதி ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு பிரதி சங்கத்துக்கும் இருக்கட்டும். ஆராய்ச்சி முடிவுகளை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டுக் குப்பங்களில் படித்துக் காட்டுவது சர்க்காரின் கடமை. சிறு படகுக்காரரின் கணக்கை அவருக்கு விரோதமாக உபயோகிப்பதில்லை என்று சட்டத்திலேயே உறுதி கூற வேண்டும். கமிஷனுக்குச் செல்லும் நம் பிரதிநிதிகளோடு மீனவர் ஒருவரும் செல்ல வேண்டும்.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியபோது, கடலில் ஓடும் கப்பல் நம்முடையதாக வேண்டும் என்றார். கப்பல் இன்று நம்மிடம் உண்டு. கடலின் எல்லையும் 1976-ஆம் வருஷச் சட்டப்படி 200 மைல் வரை விரிந்திருக்கிறது. அக்கடலில் உள்ளது என்ன, எடுக்கத் தக்கது எவ்வளவு, நம் மக்களுக்கு விட்டுவைக்க வேண்டியது எவ்வளவு என்பதைப் பிறர் சொல்லக் கேட்டுக் கையெழுத்திடும் நிலை மட்டும் நமக்கு வேண்டாம். தேசத் தொண்டர்கள் கரையோரக் கிராமங்களுக்குச் சென்று இந்தக் காரியத்தைத் தொடங்குவார்களென நம்புகிறோம்.