ஓநாய் நாடு என்று பெயரிட்டவர்கள்

நமது நாட்டுக் காடுகளில் ஓநாய் இல்லை. ஆயினும் அயர்லாந்தில் ஓநாய் அழிந்துபோன வரலாற்றை, காணி பூமியை விட்டு வந்திருக்கும் நாம் அறிந்துகொள்வது நல்லது. அது காணி பறிபோன வரலாறும் ஆகும்.

ஐரிஷ் மொழியில் ஓநாயை 'மக் தீரே' என்பார்கள். 'மண்ணின் மைந்தன்' என்று பொருள். அங்குள்ள கமக்காரர் ஓநாயை நேசித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மாடுதான் அவர்களுடைய செல்வம். இரவில் அவற்றை மண்அணை கட்டிய வட்டப் பட்டிகளில் அடைத்தார்கள்; உயர்ந்த வேட்டை நாய்களை வளர்த்தார்கள். இழப்பு இருந்தது. ஆனாலும் பல நூற்றாண்டுகளாக இரு சாராரும் ஒரே நிலத்தில் சீவித்தார்கள்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற குருவானவர் ஒரு கதையை எழுதிவைத்தார். ஒரு குரு, சிறுவன் ஒருவனோடு பயணம் செய்கையில் காட்டில் ஒரு மரத்தடியில் தீமூட்டித் தங்கினாராம். அங்கே வந்த ஓநாயொன்று, பயப்பட வேண்டாம் என்று மனிதக் குரலில் பேசியது. தாங்கள் ஒசரி என்ற ஊரவர் என்றும், ஒரு மடாதிபதியின் சாபத்தால் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வூரிலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் மனித உருவை இழந்து ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் சொன்னது. ஏழாண்டு உயிரோடிருந்தால் பழைய உருவோடு ஊர் திரும்பலாம். அதன் துணை சாகக் கிடந்தது. குருவானவர் தயங்கித் தயங்கி அதற்கு இறுதி நற்கருணை வழங்கினார். விடிந்ததும் அந்த ஓநாயே அவருக்கு வழிகாட்டி அனுப்பியது. ஊரிழந்தவன் மிருகமாகத் தெரிந்தாலும் தோலுக்குள்ளே மனிதன்தான் என்று அந்தக் காலத்து மக்கள் நினைத்திருக்கிறார்கள். கதை கட்டுக்கதையாக இருக்கலாம், நினைப்பு பொய்யல்ல.

பிறகு போர் வந்தது. 1641இல் தொடங்கி 1653 வரை நீடித்த அந்தப் போரிலும், அதனோடு வந்த பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் கிராமங்கள் வெறிச்சோடின. ஆளில்லாத வயல்களில் பற்றை வளர்ந்தது, ஓநாய் பெருகியது. வென்ற குரொம்வெல்லின் ஆட்சி பெரும்பாலான கத்தோலிக்கக் காணிச் சொந்தக்காரரின் நிலங்களைப் பறித்து, 1654 மே மாதத்துக்கு முன் மேற்கே கொனாக்ட் மாகாணத்துக்குப் போகும்படி கட்டளையிட்டது. தோற்று, கப்பலேறிப் போனவர்கள் தங்கள் ஓநாய் வேட்டை நாய்களைக் கூட்டிச் செல்வதையும் 1652இல் தடுத்தது. 1653இல் விலை குறித்தது: பெண் ஓநாய்த் தலைக்கு 6 பவுண், ஆணுக்கு 5 பவுண், தானே இரை தேடும் குட்டிக்கு 40 சிலிங், பால்குடிக் குட்டிக்கு 10 சிலிங். டப்ளினுக்கு அண்மையில் பறித்த காணிகளை, ஆண்டுதோறும் இத்தனை ஓநாய்த் தலை தரவேண்டும் என்ற நிபந்தனையோடு இராணுவக் கப்டன் ஒருவருக்குக் குத்தகைக்கும் கொடுத்தார்கள்.

1657இல் இலண்டன் பாராளுமன்றத்தில் ஓர் இராணுவ அதிகாரி, அயர்லாந்தில் ஒழிக்க வேண்டிய மிருகங்கள் மூன்று என்றார்: ஓநாய், குருவானவர், டோரி. டோரி என்றால் காணியிழந்து காட்டில் மறைந்து போராடியவன். (இன்று பிரித்தானியாவின் ஒரு பெரிய கட்சியைக் குறிக்கும் பட்டப்பெயரும் இதுவே என்பது வேடிக்கை.) மூன்றுக்கும் தலைக்கு விலை இருந்தது.

ஆங்கிலேயர் அந்நாட்டை 'ஓநாய் நாடு' என்றும் அழைத்தார்கள். இந்தப் பெயர்தான் எமக்கு உறுத்துகிறது. ஆட்களைத் துரத்தியதால் காடானது நிலம். அந்தக் காட்டைக் காட்டியே, இது மிருகங்கள் திரியும் பாழ்நிலம், நாங்கள் வந்துதான் திருத்தினோம் என்றார்கள். உழுதவனின் பெயர் அங்கே இல்லை. நமது வேலிக் கதியால்கள் மரமாகி, வளவுக்குள் பன்றி கிளறுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பீப்பாய்ப் பலகைக்கும் கப்பலுக்கும் இரும்புலைக் கரிக்குமாக எஞ்சிய காடுகளும் வெட்டப்பட்டன. கடைசி ஓநாய் 1786இல் கார்லோ மாவட்டத்தில், செம்மறிகளைக் கொன்றதற்காக வேட்டையாடப்பட்டது என்பார்கள்.

2019இல் அயர்லாந்துப் பசுமைக் கட்சித் தலைவர் ஏமன் ரயன், ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். நாட்டுப்புறத்தார் எதிர்த்தார்கள், சிலர் பரிகசித்தார்கள். ஓநாய் இல்லாமல் மான் பெருகி இளமரங்களைத் தின்கிறது என்பதும் உண்மைதான். ஆயினும் மலைச்சரிவில் செம்மறி மேய்ப்பவனுடைய சம்மதத்தை முதலில் பெறட்டும். 1653இல் அவனுடைய முன்னோரை எவரும் கேட்கவில்லை.