அமெரிக்காவை நாமும் "கண்டுபிடிக்க" வேண்டாம்



"கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்கள்" என்ற பதிவு எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. மாஷா அல்லாஹ் போட்டுப் பகிர்கிறோம். பகிர்பவர்களில் ஆசிரியர்களாகிய நாமும் இருக்கிறோம்.

முதலில் ஆதாரத்தைப் பார்ப்போம். 1492 இல் கியூபாக் கரையோரம் ஒரு மலையைக் கண்ட கொலம்பஸ், அதன் உச்சி அழகிய பள்ளிவாசலைப் போல் இருப்பதாக நாட்குறிப்பில் எழுதினார். மலையின் வடிவத்தைச் சொன்னார், அவ்வளவுதான். இதை வைத்துத்தான் 2014 இல் துருக்கி ஜனாதிபதி அர்தூகானும் அங்கே பள்ளிவாசல் இருந்ததாகப் பேசினார்.

ஆதாரம் பிழை. அதைவிடப் பெரிய பிழை, "கண்டுபிடித்தார்கள்" என்ற சொல். கியூபாவில் அப்போது தைனோ மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆட்கள் குடியிருக்கும் வீட்டை யாராவது கண்டுபிடிக்க முடியுமா? கொலம்பஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எம்மை வைத்தால் அநியாயம் நியாயமாகிவிடுமா?

1492 என்றதும் எமக்குக் கிரனாடாவின் வீழ்ச்சிதான் நினைவுக்கு வரும். பின்னர் அங்கே அரபுக் கிதாபுகளை எரித்த கதையைக் கேட்டுக் கண்கலங்குகிறோம். கலங்கத்தான் வேண்டும். ஆனால் 1562 இல் யுகாட்டானின் மானி என்ற ஊரில் தியேகோ டி லண்டா என்ற பாதிரியார் மாயா மக்களின் நூல்களைக் குவித்து எரித்தாரே, அதற்காக எம்மில் யார் கலங்கினோம்? மாயாக்களின் பழைய நூல்களில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. மெக்சிகோவின் கோயில்களைக் கோர்ட்டெஸ் தன் கடிதங்களில் "மெஸ்கித்தா" என்றே எழுதினார். மஸ்ஜித் என்பதற்கான ஸ்பானியச் சொல் அது. எம்மைப் பார்த்த அதே கண்ணால்தான் அவர்களையும் பார்த்தார்கள்.

"பாவம், அழிந்துபோனார்கள்" என்று அனுதாபத்தோடு முடிப்பதும் வரலாறு அல்ல. மெக்சிகோவின் நஹுவா மக்கள் லத்தீன் எழுத்தைக் கற்று, மரண சாசனம், காணி உறுதி, முறைப்பாடு எல்லாவற்றையும் தம் மொழியிலேயே எழுதி வைத்தார்கள். தம் தலைநகர் 1521 இல் வீழ்ந்த கதையையும் தாமே சொன்னார்கள். அந்த நஹுவாட்டல் மொழியை இன்றும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள்.

ஆகவே, வகுப்பில் "அமெரிக்காவைக் கண்டுபிடித்தது யார்?" என்று இனிமேல் கேட்காதிருப்போம். "அங்கே ஏற்கனவே யார் இருந்தார்கள், அவர்கள் என்ன எழுதினார்கள்?" என்று கேட்போம்.

எமது வரலாற்றைப் பிறர் மறைக்கிறார்கள் என்று முறையிடும் நாம், பிறர் வரலாற்றை மறைக்கும் பதிவைப் பகிரலாமா?