கிண்ணத்தின் கணக்கும் வயிற்றின் கணக்கும்

கைக்குழந்தைக்கு எவ்வளவு சோறு ஊட்டுவது என்ற கேள்விக்குச் சென்ற இதழில் விடையளித்திருக்கும் அன்பர் நான்கு கட்டளைகளை இட்டிருக்கிறார்: மூன்றாம் மாதமே கஞ்சியைத் தொடங்கு, எதையும் நீர்க்கக் கரைத்துக் கொடு, வேளைக்கு ஒரு கிண்ணம் காலியாகாமல் விடாதே, பருப்பு, முட்டை, மீனெல்லாம் ஒரு வயது கழியட்டும். முதலாவதை மரபு மறுக்கிறது, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, நான்காவதை நாட்டின் ரத்தசோகைக் கணக்கே பொய்யாக்குகிறது. இதை நம்பி நாளைக் காலையில் ஒருத்தி அடுப்பேற்றுவாள் என்பதால்தான் இந்த எதிர்வினை.

முதல் கட்டளைக்கு அவர் கூண்டில் ஏற்றும் சாட்சி பாட்டி. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது வெளிநாட்டான் விதித்தது, நம் பாட்டிமார் மூன்றிலேயே ஊட்டினார்கள் என்கிறார். எந்தப் பாட்டி? கிருஹ்ய சூத்திரங்கள் அன்னப்பிராசனத்துக்கு வகுத்த காலம் ஆறாம் மாதம். கோயில் நடையில் பேரனை மடியில் வைத்து முதல் சோறு ஊட்டிய பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. மரபின் பெயரால் பேசுகிறவர் மரபைப் புரட்டிப் பார்க்கக்கூட மெனக்கெடவில்லை. மாறாக, பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் வாயில் தானியக்கூழைத் திணிக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பரவலாக இருந்தது. டப்பா உணவு வணிகம் அதில் கொழுத்தது. 2001இல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் என்று தீர்மானம் போட்டபோது மேற்குலகம்தான் தன் அவசரத்தைத் திருத்திக்கொண்டது. அன்பர் பாட்டியின் சொத்தென்று பெட்டியில் பூட்டிவைத்திருப்பது அந்நிய நாடு தூக்கியெறிந்த பழஞ்சரக்கு. தலை நிற்காத, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளுகிற மூன்று மாதச் சிசுவுக்குக் கஞ்சியோடு சேர்ந்து போவது தண்ணீரில் இருக்கும் கிருமியும், அதன் பின்னாலேயே வரும் வயிற்றுப்போக்கும்தான் என்பதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

அடுத்து, அவர் மிகவும் பெருமைப்படும் கிண்ணம். 250 மில்லி கொள்ளும் கிண்ணத்தில் 20 கிராம் ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சினால் அவர் கேட்கும் ‘தண்ணியாட்டம்’ கஞ்சி கிடைக்கும்; அதில் இருப்பது சுமார் 65 கலோரி. அதே 250 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 165 கலோரி. ஒரு குழந்தையின் இரைப்பை உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில்தான் கொள்ளும். எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 240 மில்லி. ஆக, அவர் சொல்படி கிண்ணம் காலியானால் வயிறு கழுத்துவரை நிரம்பும், பாலுக்கு இடமிருக்காது, உள்ளே போயிருப்பதோ பாலில் பாதிகூட இல்லாத சத்து. ஒன்பது மாதத்தில் தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 300 கலோரி. மூன்று கிண்ணம் ஊற்றினாலும் 200ஐத் தொடாது. வயிறு உப்பியும் பிள்ளை சவலையாகவே கிடக்கிறதே என்று கலங்கும் தாயிடம், இன்னும் ஒரு கிண்ணம் கொடு என்று இவர் சொல்வாரா? நீர்க்கவும் வேண்டும், நிறையவும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்கிறவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதா, அல்லது வாசகருக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாரா?

பருப்புத் தண்ணியும் ரசத் தெளிவும் இதே வகைதான். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதம்தான் குழந்தைக்குரிய பதம்: குழைய வெந்த சோறும் பருப்பும் விரலால் மசித்து, அரைக் கரண்டி நெய் விட்டு. விழுங்கச் சிரமம் என்றால் இளக்கவும் வழி உண்டு. முளைகட்டிய தானியத்தில் பெருகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைத்து, மாவைக் குறைக்காமலே கூழைத் தளர்த்திவிடும். முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைக்கும் நம் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தில் இருக்கிற அறிவு, மரபுக்காவலர் என்று தோள்தட்டும் இவருடைய நான்கு பக்கத்தில் எங்குமே இல்லை.

கிண்ணத்தைக் காலியாக்க அவர் காட்டும் உபாயம் இன்னும் மோசம்: கைபேசியைக் காட்டியாவது ஊட்டு. இந்தக் காட்சி இன்று எந்தத் தெருவிலும் உண்டு. பிள்ளை தலையைத் திருப்புகிறது, உதட்டை இறுக்குகிறது, சோற்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு ஓங்கரிக்கிறது. திரையில் பாட்டு ஓடியதும் வாய் தானாகப் பிளக்க, கரண்டி உள்ளே போகிறது. போதும் என்று சொல்ல அந்த வயதில் இருக்கும் ஒரே மொழி அந்தத் தலைத்திருப்பல்தான். அதையும் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் வளர்ப்பா? இத்தனைக்கும், குழந்தைக்குத் தன் தேவை தெரியும் என்பதற்கு மூன்றாம் பக்கத்தில் கிளாரா டேவிஸின் சோதனையை இவரே மேற்கோள் காட்டுகிறார். தெரியும் என்றால் கிண்ணக் கட்டளை எதற்கு? தெரியாது என்றால் டேவிஸ் எதற்கு? அந்தச் சோதனையையும் அரைகுறையாகவே படித்திருக்கிறார். பால் மறந்த 15 குழந்தைகளின் முன் டேவிஸ் வைத்தவை ஈரல், முட்டை, மீன், தானியம், காய், கனி என்று 30க்கு மேற்பட்ட பதப்படுத்தாத உணவுகள், சர்க்கரை கிடையாது. எதை வைப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள், எவ்வளவு என்பதைக் குழந்தைகள் முடிவு செய்தன. அன்பர் இதைத் தலைகீழாக்கி, எதை என்பதை அலட்சியத்திடமும் எவ்வளவு என்பதை அதிகாரத்திடமும் ஒப்படைக்கிறார்.

நான்காம் கட்டளைதான் மன்னிக்க முடியாதது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புச்சத்துகூடக் கிடையாது. கருவில் சேர்த்துவைத்த கையிருப்பு ஆறு மாதத்தையொட்டித் தீரத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் ஈரல், மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திவிட்டு வெறுங்கஞ்சியை ஊற்றச் சொல்கிறார். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 57 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் நாடு முழுவதும் 11 விழுக்காடுதான். ஒவ்வாமை வரும் என்ற பூச்சாண்டியும் செல்லாது. 2015இல் வெளியான லண்டன் ஆய்வில், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளிலேயே நிலக்கடலை உணவை முதல் வயதில் தொடங்கியவர்களைவிடத் தவிர்த்தவர்களுக்குத்தான் கடலை ஒவ்வாமை அதிகம் வந்தது. முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், தேனும் சேர்த்த உப்பும் முதல் வயதில் கூடாது. அவசியமான இந்த எச்சரிக்கைகளை விட்டுவிட்டு, அவசியமான உணவுகளுக்குத் தடை போட்டிருக்கிறார்.

இத்தனை முரண்பாடும் ஏன் என்பதற்குக் கடைசிப் பத்தியில் விடை இருக்கிறது. தம் வீட்டார் தயாரிக்கும் சத்துமாவு ‘மூன்று மாதத்துக்கே ஏற்றது’ என்று முடிக்கிறார். சீக்கிரம் தொடங்கினால் மூன்று மாத விற்பனை கூடும். கிண்ணம் பெரிதானால் பொட்டலம் சீக்கிரம் தீரும். பருப்பும் முட்டையும் தள்ளிப்போனால் மாவுக்குப் போட்டியில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. கட்டுரை என்ற போர்வை விளம்பரத்தை மறைத்துவிடாது.

தாய்மாருக்குச் சொல்ல வேண்டியது எளியது. ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. மெல்ல அரைக் கிண்ணம்வரை. ஒன்பது மாதத்திலிருந்து அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்குப் பின் முக்கால் முதல் முழுக் கிண்ணம். இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ பால் தொடரட்டும். இவை வழிகாட்டும் அளவுகள்தாம்; பிள்ளை வாயை மூடினால் அந்த வேளை முடிந்தது. மறுப்பதற்கு அன்பருக்கு ஏதேனும் இருந்தால், அடுத்த இதழில் தம் கிண்ணத்தின் கலோரியையும் இரும்புச்சத்தையும் எழுதிக் காட்டட்டும். அதன் பிறகு பாட்டியைச் சாட்சிக்கு அழைக்கலாம்.