நட்சத்திரங்களின் தேர்வு: இழப்பு யாருக்கு?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையைக் காண வெளியூரிலிருந்து வருவோர் குறித்த பேச்சோடு, தேசிங்கு ராஜனின் கதையை மீண்டும் படமாக்கினால் யார் நடிப்பார் என்ற பேச்சும் எங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்தில் அவ்வப்போது எழுகிறது. ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து 1714-இல் போரிட்டு, இளம் வயதிலேயே களத்தில் மாண்டவன் தேசிங்கு. தோற்று இறக்கும் ஒருவனின் வேடத்தை இன்றைய முன்னணி நடிகர் ஏற்பாரா? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இக்கேள்வியை ரசனை சார்ந்ததாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. நடிகர் எந்த வேடத்தை, எந்த இயக்குநரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது, படம் தோற்றால் இழப்பு யார் தலையில் விழும் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

தேசிங்கு கதை ஏற்கெனவே படமாகியிருக்கிறது. எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' 1960-இல் வெளிவந்தது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், நாயகன் இறுதியில் மடியும் 'மதுரை வீரன்' பெரும் வெற்றி பெற்றிருந்தது. 'ராஜா தேசிங்கு' அந்த அளவுக்கு ஓடவில்லை. அதற்கடுத்த ஆண்டிலேயே 'திருடாதே', 'தாய் சொல்லைத் தட்டாதே' போன்ற சமூகப் படங்களில் எம்.ஜி.ஆர். வெற்றி கண்டார். தாயை மதிப்பவர், மது அருந்தாதவர், ஏழைக்காகப் போராடுபவர், இறுதியில் வெல்பவர் என்ற வார்ப்பு உறுதிப்பட்டது. சாண்டோ சின்னப்பா தேவரின் நிறுவனம் 1956 முதல் 1972 வரை அவரை வைத்து 16 படங்கள் எடுத்தது, எம்.ஏ. திருமுகமே அவற்றை இயக்கினார். தெரிந்த தயாரிப்பாளர், தெரிந்த இயக்குநர், தெரிந்த கதைப்போக்கு என்பவை ஐயப்பாட்டைக் குறைக்கும் ஏற்பாடுகள்.

நடிகரிடம் இரண்டு வகை மூலதனம் உண்டு: ஒன்று பணம், மற்றொன்று பிம்பம். எம்.ஜி.ஆர். பணத்தைப் பணயம் வைக்கத் தயங்கியவர் அல்லர். 'நாடோடி மன்னன்' (1958), 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) ஆகியவற்றைத் தாமே தயாரித்து இயக்கினார். ஆனால், பிம்பத்தை அவர் பணயம் வைக்கவில்லை. அந்தப் பிம்பத்துக்குத் திரையரங்குக்கு வெளியே, வாக்குச்சாவடியில் இன்னொரு சந்தை இருந்தது. 1977-இல் அவர் முதலமைச்சரானபோது அதன் மதிப்பு முழுமையாகப் புலப்பட்டது.

சிவாஜி கணேசனின் தேர்வு வேறு வகையானது. நாயகனாக அறிமுகமாகி இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில், பாடல்களே இல்லாத 'அந்த நாள்' (1954) படத்தில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராக நடித்தார். படத்தின் தொடக்கத்திலேயே அந்தப் பாத்திரம் சுட்டுக் கொல்லப்படுகிறது. ஏ. பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில் (1959) கையும் காலும் ஊனமுற்ற கிராமத்தவர். 'நவராத்திரி'யில் (1964) ஒன்பது வேடங்கள். அவர் விற்ற பொருள் பலவகை நடிப்பு என்பதால், வேடம் மாறுவது அவருடைய மூலதனத்தைக் குறைக்காமல் கூட்டியது. இருவரும் தத்தம் சந்தையை நன்கு அறிந்தே தேர்ந்தனர்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, திறமையில் சிறு வேறுபாடே உள்ள இருவரின் வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி ஏன் உண்டாகிறது என்பதை விளக்குகிறது. ஒருவரின் உழைப்பை ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் நுகரத் தொழில்நுட்பம் வழிசெய்யும்போது, முதலிடத்தில் இருப்பவர் சந்தையின் பெரும்பங்கைப் பெறுகிறார். அந்த உயர்ந்த ஊதியம் கதையை என்ன செய்கிறது என்பதே நம் கவலைக்குரியது.

திரைப்பட வணிகத்தில் எங்கள் மாவட்டம் இன்றும் பழைய பெயரால்தான் அறியப்படுகிறது. வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தது 'என்.எஸ்.சி. ஏரியா'. இதுபோன்ற ஒவ்வோர் ஏரியாவின் உரிமையையும் ஒரு விநியோகஸ்தர் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து வாங்குவது நெடுங்கால வழக்கம். படம் ஓடாவிட்டால் முதலில் அடி வாங்குபவர் அவரே; அடுத்து, முன்பணம் கொடுத்த திரையரங்கு உரிமையாளர். வட்டிக்குக் கடன் வாங்கிய தயாரிப்பாளரும் தப்புவதில்லை. நடிகரின் ஊதியமோ பெரும்பாலும் படம் வெளியாகுமுன்பே கைக்கு வந்துவிடுகிறது.

'பாபா' (2002) தோல்வியடைந்தபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களின் இழப்பை ஈடுசெய்ய முன்வந்தது இன்றும் விதிவிலக்காகவே பேசப்படுகிறது. 'லிங்கா' (2014) வெளியான பின் விநியோகஸ்தர்கள் இழப்பீடு கோரிப் போராடியதும் நினைவிருக்கலாம். அதற்குப் பின் அவர் தேர்ந்த இயக்குநர் பா. இரஞ்சித். 'அட்டகத்தி', 'மெட்ராஸ்' என்ற இரண்டே படங்கள் எடுத்திருந்தவருக்குக் 'கபாலி' (2016), 'காலா' (2018) என இரு வாய்ப்புகள் கிடைத்தன. தொடர்ந்து கார்த்திக் சுப்பராஜ், நெல்சன், த.செ. ஞானவேல், லோகேஷ் கனகராஜ் என்று இளைய தலைமுறை இயக்குநர்களோடே அவர் பெரிதும் பணியாற்றி வருகிறார்.

இதைத் துணிச்சல் என்று பாராட்டலாம். அதில் உண்மையும் உண்டு. மூத்த நடிகருக்குப் புதிய பார்வையாளரும், இளைய இயக்குநருக்குப் பெரிய மேடையும் கிடைக்கின்றன. ஆயினும் இந்த ஒப்பந்தத்தில் ஒரு சமனின்மை இருக்கிறது. படம் வென்றால் புகழ் இருவருக்கும் சேர்கிறது. தோற்றால், 'நட்சத்திரத்தை இயக்குநர் வீணடித்துவிட்டார்' என்ற பழி இயக்குநரை மட்டும் சேர்கிறது. நாற்பது ஆண்டுகால நட்சத்திரத்துக்கு அடுத்த படம் காத்திருக்கும். நான்காவது படம் எடுத்தவருக்கு அந்த உறுதி இல்லை. தாம் எழுத நினைத்ததைச் சுருக்கிக்கொண்டு, நாயகரின் அறிமுகக் காட்சிக்கும் முதல் மூன்று நாள் வசூலுக்கும் ஏற்பத் திரைக்கதையை அவர் வளைப்பது அதனால்தான்.

இழப்பின் சுமை இடம் மாறினால் வேடங்களும் மாறும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கமல்ஹாசன் தம் நூறாவது படமான 'ராஜபார்வை'யில் (1981) பார்வையற்ற வயலின் கலைஞராக நடித்தார். அது அவருடைய குடும்பத்தின் சொந்தத் தயாரிப்பு. வணிகத்தில் படம் தோற்றது. அடுத்த ஆண்டு ஏவி.எம்மின் 'சகலகலா வல்லவன்' பெருவெற்றி பெற்றது. ஒன்றின் வருவாய் மற்றொன்றின் துணிவுக்கு விலை கொடுத்தது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

கொரோனா காலத்தில் ஓடிடி தளங்கள் நிலையான விலை கொடுத்துப் படங்களை வாங்கியபோது முதல்நாள் வசூல் என்ற அச்சமே நீங்கியது. சூர்யாவின் 2டி நிறுவனம் தயாரித்த 'சூரரைப் போற்று' (2020), 'ஜெய் பீம்' (2021) இரண்டும் அவ்வாறு நேரடியாக வெளியானவை. 'ஜெய் பீம்' படத்தில் நாயகருக்குக் காதல் பாட்டு கிடையாது. கதையின் மையம் ஓர் இருளர் குடும்பத்தின் துயரம். இருளர் குடியிருப்புகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் அப்படம் தொலைவிலுள்ள யாரோ ஒருவரின் கதையாகத் தோன்றவில்லை. முதல் மூன்று நாள் வசூலை நம்பியிருந்தால் அதே கதை அதே வடிவில் வந்திருக்குமா என்பது ஐயமே.

கேரளத்தில் மம்மூட்டி தம் சொந்த நிறுவனத்தின் மூலம் தயாரித்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தில், தமிழ்க் கிராமம் ஒன்றில் திடீரென வேறொருவராக மாறிவிடும் மலையாளியாக நடித்தார். 'காதல் - தி கோர்' (2023) படத்தில் தன்பாலின ஈர்ப்பை மறைத்து வாழ்ந்த கணவராக நடித்தார்; படம் வெளியானபோது அவருக்கு வயது 72. சிறிய சந்தை, சிறிய செலவு, தமது பணம் ஆகிய மூன்றும் சேரும்போது நட்சத்திரம் மீண்டும் நடிகராக இயலுகிறது. இந்தியில் ஆமிர் கான் முன்கூட்டியே ஊதியம் பெறாமல் இலாபத்தில் பங்கு பெறும் முறையைப் பின்பற்றுவதாகக் கூறிவருகிறார். 'தங்கல்' (2016) படத்தில் வளர்ந்த பெண்களுக்குத் தந்தையாக நடிக்க அவர் தயங்கவில்லை. இம்முறை வெற்றிக்கு உத்தரவாதம் தராது. 'லால் சிங் சத்தா' (2022) தோற்றது. ஆனால், தேர்வு செய்தவரே அதன் விளைவிலும் பங்கு ஏற்கிறார் என்ற நேர்மை இதில் இருக்கிறது.

இதற்கு மாறான ஒரு கருத்தும் உண்டு. நடிகரின் பெயரை நம்பித்தான் கடனே கிடைக்கிறது, எனவே ஊதியம் அவருடைய உரிமை என்பார்கள். சந்தை தரும் விலையைப் பெறுவதில் தவறில்லை. ஆனால், தயாரிப்புச் செலவில் பெரும்பகுதி ஒருவரின் ஊதியமாகவே போய்விட்டால், எஞ்சிய தொகைக்குள் எழுத்தும் துணை நடிகர்களும் தொழில்நுட்பமும் அடங்க வேண்டியிருக்கிறது. போட்ட முதலை மீட்க எல்லா ஏரியாவிலும், எல்லா வயதினருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கும் கதை தேவைப்படுகிறது. அத்தகைய கதைகள் எண்ணிக்கையில் மிகச் சில. துப்பாக்கியும் பழிவாங்கலும் படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப வருவதற்குக் கற்பனை வறட்சியைவிட இந்தக் கணக்கே முதன்மைக் காரணம்.

தயாரிப்பாளர்களும் திரையரங்கு உரிமையாளர்களும் விநியோகஸ்தர்களும் 2024 ஜூலையில் கூடி, முன்னணி நடிகர்களின் படங்கள் எட்டு வாரங்களுக்குப் பின்னரே ஓடிடியில் வெளியாக வேண்டும், ஊதியம் சீரமைக்கப்பட வேண்டும் என்று தீர்மானித்தனர். படப்பிடிப்பை நிறுத்துவது குறித்தும் பேசப்பட்டது. ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிப்பது நடைமுறையில் நிற்காது. போட்டியிடும் தயாரிப்பாளர்களே அதை மீறுவார்கள். ஊதியத்தின் ஒரு பகுதியை முன்பணமாகவும் மீதியை வசூலிலிருந்து பங்காகவும் தருவதே நிலைத்து நிற்கக்கூடிய வழி.

அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒவ்வொரு திரையரங்கிலும் விற்ற சீட்டுகளின் கணக்கு, யாரும் சரிபார்க்கக் கூடியதாக வெளிப்படையாக இருக்க வேண்டும். வெளியாகும் வசூல் எண்களைத் தயாரிப்புத் தரப்பே நம்பாத நிலையில், எந்த நடிகரும் பங்குமுறையை நம்பி இறங்கமாட்டார். கணினிவழிச் சீட்டு பரவலாகிவிட்ட இக்காலத்தில் இது தொழில்நுட்பச் சிக்கல் அன்று. தொழிலில் உள்ளவர்களும் அரசும் மனம் வைத்தால் செய்யக் கூடியதே.

இதில் பார்வையாளரின் பங்கும் குறைவானதன்று. ஒரு படத்தின் மதிப்பை முதல்நாள் வசூலால் அளந்து, நமக்குப் பிடித்த நடிகர் மாறுபட்ட வேடத்தில் தோற்றால் கேலி செய்யும் வரை, பழைய வார்ப்பிலேயே நிற்பதுதான் அவருக்கு இலாபம். தோற்கும் மனிதனின் வேடத்தை ஏற்பவருக்கும், அதை எழுதும் இயக்குநருக்கும் இரண்டாவது வாரம் வரை திரையரங்கில் இடம் கிடைக்குமானால், அவர்களின் தேர்வு தானே மாறும். அந்த இரண்டாவது வாரத்துச் சீட்டை வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.